கோட்டைக்கு வெளியே நிற்க ஆள் தேவை

மாட்டுங்கா முத்தமிழ்ப் பண்பாட்டு மன்றம், வேல்ஸ் நாட்டிலுள்ள லான்கரெக் என்ற ஊரைத் தன் உடன்பிறப்பு நகரமாக ஏற்றுக்கொண்டது ஒரு புதன்கிழமை மாலை, காபிக்கும் பக்கோடாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில். தீர்மானத்தை யாரும் எதிர்க்கவில்லை. லான்கரெக் எங்கே இருக்கிறது என்று ஒருவர் மட்டும் கேட்டார். அடுத்த தீர்மானத்தில் அவரைக் கட்டடப் பராமரிப்புக் குழுவுக்கு மாற்றிவிட்டார்கள்.

லான்கரெக் சின்ன ஊர். கடலோரம் ஒரு கோட்டை, கோட்டையை ஒட்டி மதில், மதிலுக்குள் நாலைந்து தெரு, ஒரு தேவாலயம், வருடம் பூராவும் மழை. மன்றத்தின் தலைவர் கணேசபாண்டியனின் மகன் அந்தப் பக்கம் எங்கோ படித்தான். பட்டமளிப்புக்குப் போன தலைவர் ஒருநாள் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போய், மதில்மேல் குடையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தைப் பெரிதாக்கி மேடையில் மாட்டிவிட்டுத்தான் பேசினார்.

“அங்கே கோட்டை இருக்கிறது. நமக்கும் சயானில் கோட்டை இருக்கிறது. அங்கே மழை பெய்கிறது. நமக்கும் பெய்கிறது. அவர்களுடையது பழைய மொழி. வீட்டில் பேசினால் பிள்ளைகள் முன்னேற மாட்டார்கள் என்று அவர்களுக்கு யாரோ சொன்னார்கள். நமக்கு யாரும் சொல்லவில்லை, நாமாகவே கண்டுபிடித்தோம். உறவு கொள்ள இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?”

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது.

சில மாதம் கழித்து, இந்த உறவில் முதலில் மாட்டிக்கொண்டவர் தாராவி மாசானம். தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். வேல்ஸ் என்ற பெயரை அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அவர் மகள் ஹரிதா வாஷியில் ஒரு கூரியர் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் குர்லாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் சுரேந்திரனுக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலை நிச்சயதார்த்தம். மன்றத்தின் ஆண்டு விழாவுக்குப் பைகள் தைத்துக் கொடுத்த பழக்கத்தில், மன்றத்து ஹால் மாசானத்துக்குக் கிடைத்திருந்தது.

ஹால் அவசியம். மாப்பிள்ளையின் அம்மா ஆறுமுகத்தாய் நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். அவளுடைய மூத்த மகனுக்கு ரோட்டில் பந்தல் போட்டு நிச்சயம் செய்தார்கள். நடுவில் தண்ணீர் டேங்கர் வந்து, தாம்பூலத் தட்டோடு சம்பந்திகள் எல்லாரும் சாக்கடை ஓரம் ஒதுங்கி நின்றார்கள். அந்தக் கல்யாணம் அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. “அண்ணே, நல்லா செய்யி, கொறச்சி செய்யி, ஒம்பாடு. ரோட்டுல மட்டும் நிக்க வச்சிராத” என்று மாசானத்திடம் சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை, மைக்கும் விளக்கும் எப்படி என்று கேட்டு வர மாசானம் மன்றத்துக்குப் போனார். ஹாலின் வாசலை மறைத்து, கட்டடத்தின் அகலத்துக்கு ஒரு கோட்டை எழும்பிக்கொண்டிருந்தது. கருங்கல் நிறத்தில் பெயின்ட் அடித்த தெர்மாகோல் மதில், இரண்டு கோபுரம், நடுவில் பிளைவுட் கதவு, கதவில் அசல் பூட்டு. செயலாளர் ராஜகுமார் ஏணிக்குக் கீழே நின்று கோபுரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

“சார், இது என்ன சார்?”

“லான்கரெக்.”

“ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஹால் நமக்குக் குடுத்திருக்கியளே?”

“ஹால் உங்களுக்குத்தான் மாசானம், யார் இல்லேன்னா? ஆனா ஹாலுக்குப் போற வழி இப்போ கோட்டை வழி. கோட்டைக்குன்னு ஒரு சட்டம் இருக்கு. அதுக்கு நான் பொறுப்பில்லை. அது பதிமூணாம் நூற்றாண்டு.”

சட்டத்தைப் பண்பாட்டுக் குழுவின் வந்தனா விளக்கினார். ஒரு வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு முறை சொல்லும் பொறுமை உண்டு. இங்கிலாந்து அரசன் படையோடு வந்து அந்தக் கோட்டையைக் கட்டினான். மதிலுக்குள் தன் ஆட்களைக் குடிவைத்தான். அந்த மண்ணில் பிறந்தவர்கள் பகலில் வந்து வேலை செய்யலாம், சந்தைக்கு வரலாம். மாலையில் மணி அடித்தால் வெளியே போய்விட வேண்டும். உள்ளே வீடு வாங்க முடியாது, கடை வைக்க முடியாது.

மாசானம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “இங்க பில்டிங்குல வேலைக்கு வாரவங்களுக்குத் தனி லிஃப்ட் வச்சிருக்காவளே, அது மாதிரியா மேடம்?”

“சேச்சே. அது சொசைட்டி ரூல். இது ஹெரிடேஜ்.”

ஞாயிற்றுக்கிழமை அந்த வரலாற்றை அப்படியே நடித்துக் காட்டப்போகிறார்கள். லான்கரெக் நகர மன்றத்திலிருந்து நெரிஸ் என்ற அம்மையார் நேரில் வருகிறார். ஆனால் ஏற்பாட்டில் ஒரு சிக்கல். மன்றத்து உறுப்பினர்கள் அத்தனை பேரும் மதிலுக்குள் குடியிருக்கும் சீமான்களாக நடிக்கப் பெயர் கொடுத்திருந்தார்கள். வெளியே நிறுத்தப்படும் உள்ளூர் மக்களாக நடிக்க ஒருவரும் முன்வரவில்லை. ஒருவர் மட்டும், நாற்காலியும் ஃபேனும் போட்டால் யோசிக்கலாம் என்று சொல்லியிருந்தார்.

வந்தனாவின் பார்வை மாசானத்தின் மேல் நின்றது.

“உங்க சொந்தக்காரங்க எத்தனை பேர் வருவாங்க?”

“ரெண்டு பக்கமும் சேத்து எழுவது பேரு வருவாவ.”

“கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க. மதிலுக்கு வெளியே சும்மா நின்னா போதும். வசனம்கூட கிடையாது. உள்ளே போட்டியில ஜெயிச்ச கவிஞருக்கு நாற்காலிப் பரிசு கொடுத்ததும் கதவைத் திறந்துடுவோம். பத்து நிமிஷ வேலை.”

வீட்டில் இதைச் சொன்னபோது, அவர் மனைவி விஜயராணி தேங்காயில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நடிக்கதுக்குன்னா ஆயிரம் பேரு இருப்பானுவ. நிக்கதுக்குன்னதும் நம்ம ஞாபகம் வந்துட்டாக்கும்.”

“பத்து நிமிஷம்தாம்ட்டி.”

“ஒங்க தங்கச்சி ஆறுமுகத்தாய்ட்ட போயி அந்தப் பத்து நிமிசத்த நீங்களே சொல்லுங்க.”

அவர் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் எப்போதும் தாமதமாகத்தான் வருவார்கள். அதற்குள் முடிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அவருக்கு வேறு கவலையும் இருந்தது. அவருடைய அக்கா பேராச்சி தேவ்நாரிலிருந்து வர வேண்டும். பெண்ணுக்கு அத்தை அவள். அவள் பூ வைத்த பிறகுதான் அந்த வீட்டில் தட்டு மாற்றுவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து ஹார்பர் லைனில் மெகாபிளாக் என்று ரயிலை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஞாயிறு மாலை, மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்பே டெம்போ டிராவலரில் வந்து இறங்கினார்கள். மணி அடித்து, கதவு பூட்டி, சற்று நேரம்தான் ஆகியிருந்தது. வாசலில் வாட்ச்மேன் வெள்ளிப் பெயின்ட் அடித்த அட்டைத் தொப்பியோடு நின்றார். “கிலா பந்த் ஹை” என்றார். கோட்டை மூடியாகிவிட்டது.

பட்டுப் புடவைகளும் தாம்பூலத் தட்டுகளும் நடைபாதையில் நின்றன. பின்னால் பெஸ்ட் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. ஆறுமுகத்தாய் மதிலைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள், பிறகு மாசானத்தைப் பார்த்தாள்.

“அண்ணே, நான் ஒங்கிட்ட ஒத்த வார்த்ததான் சொன்னேன்.”

“இது ரோடு இல்ல தங்கச்சி, வேல்ஸு.”

“அப்ப அந்த பஸ்ஸு எங்க போவுதாம்?”

மாசானம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். போனை எடுத்தார், வைத்தார். மாப்பிள்ளை சுரேந்திரன் ஹரிதாவைப் பார்த்துச் சிரிக்க முயன்று, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அந்த நேரத்தில் ஒரு டாக்சி வந்து நின்றது. கனத்த உடம்போடு, சிவந்து வியர்த்த முகத்தோடு ஒரு வெள்ளைக்கார அம்மாள் இறங்கினார். உள்ளே தலைவர் சந்தன மாலையோடு அவருக்காகத்தான் காத்திருந்தார். வாட்ச்மேன் அவரை மறித்து, எந்த ஊர் என்று கேட்டார். கேள்வி அந்த அம்மாளுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. “லான்கரெக்” என்றார்.

வாட்ச்மேன் நேராக நின்றார். லான்கரெக்கில் பிறந்தவர் எவரையும் மணி அடித்த பிறகு உள்ளே விடக்கூடாது என்று செயலாளர் அவருக்கு இருமுறை சொல்லியிருந்தார். “அலவுட் நஹி” என்றார். மன்றத்தில் அந்த வரலாற்றைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

ஹரிதா ஆங்கிலத்தில் விஷயத்தை விளக்கியதும் நெரிஸ் அம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு நடைபாதையில் அவர்களோடு நின்றுவிட்டார். விஜயராணி அவருக்குச் சந்தனம் பூசி, தலையில் பூ வைத்து, கையில் மைசூர்பாகைக் கொடுத்தாள். ஊரில் அவருக்கு பேக்கரி. மைசூர்பாகைக் கடித்துவிட்டு, எவ்வளவு நெய் என்று கேட்டார்.

“அவங்க ஊர்ல இந்தச் சட்டம் போயி நானூறு வருஷமாச்சாம்பா” என்றாள் ஹரிதா. “இப்ப யார் வேணாலும் போலாமாம். அங்க மதிலு எட்டடி கனமாம்.”

நெரிஸ் அம்மாள் மாட்டுங்கா மதிலை ஒரு விரலால் தொட்டார். விரலில் தெர்மாகோலின் வெள்ளை மணி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்தார். விருந்தாளி என்பதால் யாரும் பார்க்காமல் அதை ஊதிவிட்டார்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. பேராச்சி போனில் கத்தினாள்: “பஸ்ஸுல வாரேம்ல, செம்பூரே தாண்டல! நான் வராம எவளாவது பூவு வச்சா அப்புறம் இருக்கு!” ஆறுமுகத்தாய் டெம்போ டிரைவரை எங்கேயும் போய்விடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது காதில் விழுந்ததும் மாசானம் பக்கத்துச் சந்துக்குள் புகுந்தார். எல்லாக் கோட்டைக்கும் ஒரு சமையல்கட்டு வழி உண்டு. சம்பந்தியம்மாளை கேஸ் சிலிண்டர்களைத் தாண்டி அழைத்துப் போக முடியாது, தான் போகலாம்.

உள்ளே சீமான்கள் அனைவரும் ஏசியில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் செதுக்கு வேலை செய்த ஒரு தேக்கு நாற்காலி. அந்த நாட்டு வழக்கப்படி, போட்டியில் வென்ற கவிஞருக்குப் பரிசு அது. கவிஞர்கள் புனைபெயரில்தான் கவிதை அனுப்ப வேண்டும். நடுவர் பெயரைச் சொன்னதும் அந்தக் கவிஞர் கூட்டத்திலிருந்து எழுந்து நிற்க வேண்டும். நடுவர் “கோட்டைக்குயில்” என்று அறிவித்திருந்தார். தலைவரும் செயலாளரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றிருந்தார்கள்.

“இரண்டும் ஒரே பெயரில் வந்தன” என்றார் நடுவர் மைக்கில். “ஒரே கவிஞர் என்று எண்ணி, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துப் படித்தேன். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. பரிசுக்கு அதுவே காரணம்.”

இருவரும் உட்கார மறுத்தார்கள். வழக்கத்தின் அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம் என்று வந்தனா முடிவு செய்தார். வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டு, நாடகக் கம்பெனியில் வாடகைக்கு எடுத்த வாளை உறையிலிருந்து பாதி உருவினார். சபையைப் பார்த்து “சமாதானமா?” என்று மூன்று முறை கேட்க வேண்டும். மூன்று முறையும் சபை “சமாதானம்!” என்று முழங்க வேண்டும். அப்போதுதான் நாற்காலி.

“சமாதானமா?”

“இல்லை!” என்றது இடது பக்கம்.

“கேன்டீன் கான்ட்ராக்ட் யாருக்குப் போச்சுன்னு சொல்லிட்டு சமாதானம் கேளுங்க!”

“லைப்ரரி ஃபேன் என்ன ஆச்சு?”

“போன பொங்கலுக்கு என் பெயர் அழைப்பிதழில் ரெண்டாம் பக்கத்தில் வந்தது. அதுக்கே இன்னும் சமாதானம் ஆகலை!”

வந்தனா வாளை உள்ளே தள்ளினார், மறுபடி பாதி உருவினார், கேட்டார். மறுபடி இல்லை என்றது சபை. மாசானம் மேடைப் பக்கவாட்டில் போய் நின்று, கதவை எப்போது திறப்பீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

“சமாதானம்னு பதில் வராம நாற்காலி கொடுக்க முடியாது. நாற்காலி கொடுக்காம நிகழ்ச்சி முடியாது. நிகழ்ச்சி முடியாம கதவு திறக்க முடியாது. நான் என்ன பண்ணட்டும்?”

மாசானம் நாற்காலியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “சமாதானம்னு சொல்லதுக்கு ஆளு வேணும்னா, வெளிய எழுவது பேரு நிக்காவ மேடம்.”

இது விவாதத்துக்கு விடப்பட்டது. செயலாளர் எதிர்த்தார்: “சமாதானம் என்பது உறுப்பினர்களின் உரிமை. சந்தா கட்டாதவர்கள் அதைச் சொல்ல ஆரம்பித்தால், சந்தா கட்டியவர்களுக்கு என்ன மதிப்பு?” தலைவர் பெருந்தன்மையோடு பேசினார்: “பண்பாடு எல்லோருக்கும் பொதுவானது. அதனால்தான் அதற்கு ஒரு வாசலும், வாசலுக்கு ஒரு பூட்டும் தேவைப்படுகிறது. ஆனால் இன்று ஒரு நாள் அவர்களையும் உறுப்பினர்களாக்குவோம்.” எழுபது குரலும் தன் பக்கம் சேரும் என்று இருவருமே கணக்கிட்டதால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒரு மாலைக்கு மட்டும் செல்லும் உறுப்பினர் அட்டைகள் அங்கேயே வெட்டப்பட்டன.

கதவு திறந்தது. ஆளுக்கு ஓர் அட்டை குத்திக்கொண்டு நிச்சயதார்த்தம் உள்ளே வந்தது. நெரிஸ் அம்மாளும் ஓர் அட்டையோடு வந்தார். தலைவர் அவருக்கு மாலை போட்டார். கோட்டைக் கதவை இனி உறுப்பினர் ஒருவர்தான் காக்க வேண்டும் என்று செயலாளர் சொல்ல, விஜயராணியின் தம்பி பாபு முன்வந்தான். வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி, சாவியோடு அவனிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். பாபு கதவை உள்ளிருந்து பூட்டினான்.

“சமாதானமா?”

“சமாதானம்!” ஹால் அதிர்ந்தது. ஓசைக்குக் குறைவில்லை, வெளியே அவ்வளவு நேரம் நின்றவர்களின் பசி அதில் இருந்தது.

“சமாதானமா?”

“சமாதானம்!”

மாசானம் கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் ஒன்று. வந்தனா வாளைத் தொட்டார். முன்வரிசையில் ஆறுமுகத்தாய் எழுந்தாள்.

“ஏக் மினிட்” என்றாள். “இம்புட்டு நேரம் நாங்க ரோட்டுல நின்னதுக்கு யாரு பதில் சொல்லுவா?”

செயலாளர் மைக்கை வாங்கினார். “அம்மா, இது தனிப்பட்ட யாருடைய தவறும் அல்ல. வரலாற்றின் ஒரு கசப்பான பக்கம்...”

“வரலாறா வந்து கதவப் பூட்டுச்சி? நீங்கதான பூட்டுனிய.”

நெரிஸ் அம்மாள் ஹரிதாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தனியாக ஒரு முறை கைதட்டினார்.

“ஏலே சுரேந்திரா, எந்தி. மொதப் புள்ளைக்கும் ரோட்டுல நின்னேன், வெளங்கல. இதுவும் வெளங்காது. வா, போவோம்.”

“தங்கச்சி, நில்லு தங்கச்சி...” மாசானம் பின்னால் ஓடினார். விஜயராணி பூத்தட்டோடு ஓடினாள். சுரேந்திரன் எழுந்திருக்கவில்லை, ஹரிதாவின் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆறுமுகத்தாய் கோட்டைக் கதவுக்கு வந்தாள். பாபு அட்டைத் தொப்பியோடு குறுக்கே நின்றான்.

“நிகழ்ச்சி முடியாம யாரும் வெளிய போவக் கூடாது.”

“ஏலே, தொறல.”

“ரூல்ஸ் சித்தி. நான் என்ன செய்ய?”

“பாபு, சாவியக் குடு” என்றார் மாசானம்.

“அத்தான், நீங்க இதுல தலையிடாதீங்க. இது மெம்பர்ஸ் விசயம்.”

அப்போது மதிலின் அந்தப் பக்கத்திலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. பாபு கதவிடுக்கில் வாயை வைத்து, “யாரது? மெம்பரா?” என்று கேட்டான்.

“எவம்ல அது, என்னய மெம்பரான்னு கேக்கது?”

பேராச்சி வந்துவிட்டாள். செம்பூரிலிருந்து ஒரு பஸ், சயானிலிருந்து நடை. பதிமூன்றாம் நூற்றாண்டைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பூட்டிய கதவைத் தள்ளிப் பார்த்தாள். திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த மதிலைத் தள்ளினாள். கை உள்ளே போயிற்று. கையைத் தொடர்ந்து தோள் போயிற்று. ஒரு நீண்ட கீச்சொலியோடு கோட்டை விலகியது, வலது கோபுரம் நிதானமாகச் சாய்ந்தது. வெள்ளை மணிகள் பறக்க, மல்லிகைப் பூப்பையை நெஞ்சோடு அணைத்தபடி பேராச்சி லான்கரெக்குக்குள் வந்து நின்றாள்.

“தெர்மாகோலுல்லா” என்றாள், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

ஆறுமுகத்தாய்க்கு எதிரே இப்போது வழி திறந்திருந்தது. அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். பேராச்சி அவளைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் மாசானத்தையும், பூத்தட்டோடு விஜயராணியையும், இன்னும் பத்துப் பேரையும் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

“ஏ தங்கச்சி! எனக்காவ எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாச வரைக்கும் வந்துட்டியா? மாப்ள வீட்டுக்காரி நீயி, என்னைய வந்து கூப்புடணுமா? எந்த வீட்டுல செய்வாவ இப்பிடி!” ஆறுமுகத்தாயின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆறுமுகத்தாய் வாயைத் திறந்தாள். டெம்போ இருந்த திசையைப் பார்த்தாள். பேராச்சியின் முடியில் ஒட்டியிருந்த வெள்ளை மணிகளைப் பார்த்தாள். ஒன்றை எடுத்துப் போட்டாள், பிறகு இன்னொன்றை.

“வாங்கக்கா” என்றாள். “ஒங்களுக்காவத்தான் நின்னுக்கிட்டிருக்கோம்.”

மேடையில் தட்டு வைக்க முக்காலி எதுவும் இல்லை. உருப்படியாக இருந்தது கவிஞர் நாற்காலி ஒன்றுதான். தேங்காய், வெற்றிலை, பழம், புடவைத் தட்டை பேராச்சி அதன்மேல் இறக்கினாள். தலைவரும் செயலாளரும் ஆளுக்கொரு பக்கம் அதன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தட்டு ஆடாமல் இருக்க அது உதவியாக இருந்தது. நெரிஸ் அம்மாள் போனில் படம் எடுத்தார். ஹரிதா தலை குனிந்தாள். பேராச்சி பூச்சரத்தை எடுத்தாள்.

வந்தனாவுக்கு முறை முறைதான். பாதி உருவிய வாள் கையில் இருக்கையில் மூன்றாவது கேள்வியை விட்டுவிட முடியாது. மைக்கில் கேட்டார்.

“சமாதானமா?”

பேராச்சி பல்லில் கடித்திருந்த கொண்டை ஊசியை எடுத்தாள்.

“யாருப்பா அது, பூ வைக்க நேரத்துல சத்தம் போடுதது?”

அதை மூன்றாவது பதிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று மன்றம் இன்னும் ஆலோசித்துக்கொண்டிருக்கிறது. அதுவரை நாற்காலி யாருக்கும் இல்லை.